மஞ்சள் தடவிய கோப்பு

எங்கள் வீட்டு வாசற்கதவில் ஆயுதபூஜைக்கு வைக்கும் சந்தனப் பொட்டைத் தவிர எதுவும் ஒட்டியதில்லை. தேர்தல் நோட்டீஸ் ஒட்ட வருகிறவர்கள்கூட மேட்டுக்காட்டார் வீடு என்று தெரிந்து எதிர்ச்சுவருக்குப் போய்விடுவார்கள். அந்தக் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை நகராட்சிப் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

முன்பெல்லாம் கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்து தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதுவார்கள். இப்போது பொள்ளாச்சியில் கொசு இல்லை. அதே ஆட்கள், அதே காக்கிப் பையோடு, வீட்டுக் கணினியைத் திறந்து பார்க்கிறார்கள். அப்டேட் போடாத கணினி இருந்தால் தண்ணீர் தேங்கிய டயரைக் கண்டதுபோல முகத்தைச் சுளிக்கிறார்கள்.

"இதுல கடைசியா எப்பங்கய்யா அப்டேட் போட்டீங்க?" என்று கேட்டாள். சட்டைப்பையில் ஸ்டெல்லா என்று பெயர் இருந்தது.

"போட்டதே இல்லை."

"வாங்கினதுல இருந்தா?"

"எங்கூட்டுக்குள்ள வெளியாள் கை வெக்க விட்டதில்லை, அம்மிணி. ஊர் பேர் தெரியாதவன் எவனோ எழுதினதை உள்ள விடோணும், அவன் என்ன மாத்தினான்னு நான் காலையில எந்திரிச்சுத் தேடிக்கிட்டிருக்கோணும். அப்படித்தான?"

"ஓட்டையை அடைக்கறதுக்குத்தானுங்க அப்டேட்டே வருது."

"ஓட்டை மத்தவங்க வீட்டுல இருக்கும்."

அவள் வாதாடவில்லை. பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினாள். 'இவ்வீட்டுக் கணினி பாதுகாப்பற்றது. பிற வீட்டுக் கணினிகள் தொடர்பைத் தவிர்க்கவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அப்டேட் போடாவிட்டால் இதை ஒட்டுவது அவளுடைய வேலை. வியாழக்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னாள். ராகுகாலம் முடிந்து மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமைதான் என் பேத்தி மயிலாத்தாளுக்கு நிச்சயம் செய்து உப்புச் சர்க்கரை மாற்ற, மாப்பிள்ளை வீட்டார் தாராபுரத்திலிருந்து வருகிறார்கள். (என் பெயர் பிரவீன்குமார், மனைவி சுகன்யா, மகன் தர்ஷித். பிள்ளைகளுக்குப் பழைய பெயர் வைப்பது இப்போது நாகரிகம். மயிலாத்தாள் அப்படி வந்த பெயர்.)

கணினிக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். எந்த முகத்தையும் எந்தக் குரலையும் எவனும் செய்துவிடலாம் என்று ஒரு காலம் வந்தது. செத்துப்போன என் பெரியப்பா வீடியோவில் வந்து தோட்டத்தை எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை சம்மதம் சொன்ன குரல் மாப்பிள்ளையுடையது இல்லை என்று மணமேடையில் தெரிந்தது. கையெழுத்து, போட்டோ, போன் எதையும் நம்ப முடியாதபோது ஜனங்கள் ஒன்றைத்தான் நம்பினார்கள்: குடும்ப முத்திரை. குடும்பத்துக்கு ஒரு கணினி, அதில் ஒரு முத்திரை, அதற்கு மூத்தவருடைய ஒரு விரல். எங்கள் பங்காளிகளில் எந்தக் கிளையில் கல்யாணம் என்றாலும் மேட்டுக்காட்டார் வீட்டு முத்திரை விழாமல் தாலி ஏறாது. அந்த விரல் என் விரல்.

கணினி நடுக்கூடத்தில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் காலையில் அது கேட்கும்: 'முக்கியமான பாதுகாப்பு அப்டேட் காத்திருக்கிறது. இப்போதா? பிறகா?' நான் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து, 'பிறகு' என்பதை அழுத்துவேன். அதன்பின்தான் காப்பி.

அந்த முத்திரைக்கு இருக்கும் மதிப்பை நான் சொல்லக்கூடாது, மற்றவர்கள் சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறார்கள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள். மணமக்கள் காலில் விழும்போது சிலர் கண்கலங்குவார்கள். கொஞ்ச வருடங்களாகப் பங்காளிகள் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குப் பிரவீன்குமார் என்று பெயர் வைக்கிறார்கள். பழைய பெயர் நாகரிகமான காலத்தில் இந்தப் பெயரை வைக்கிறார்கள் என்றால் அது குடும்பத்தின் பெருமைக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியதுண்டு. சில மணமேடைகளில் மாப்பிள்ளையையோ பெண்ணையோ பார்க்கும்போது, இந்தச் சம்பந்தத்துக்கு நான் எப்போது சம்மதம் கொடுத்தேன் என்று நினைவுக்கு வராது. அதற்காக, "இதுக்கு நான் ஒத்துக்கிட்டேனா?" என்று பந்தலில் நின்று கேட்க முடியுமா? அட்சதையைப் போட்டுவிட்டு வருவேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குடும்பத்தைக் கூட்டினேன். "மயிலாத்தாளுக்காக என் கொள்கையை விட்டுக் குடுக்கறேன். வியாழக்கிழமை அப்டேட் போடறேன்" என்று சொன்னேன்.

பெண்ணின் தகப்பன் முதலில் நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். தர்ஷித்துக்கு முகம் வெளுத்தது.

"அப்பா, அவசரப்படாதீங்க. இத்தனை வருசம் கட்டிக் காப்பாத்தின கொள்கைங்க."

"ஸ்டிக்கர் ஒட்டுவாங்கடா. தாராபுரத்தார் கணினி நம்ம கணினிகூடப் பேசாது. உப்புச் சர்க்கரை மாத்தறப்ப முத்திரை எப்படி விழும்?"

"ஸ்டிக்கர் மேல ஒரு வாழைமரத்தைக் கட்டிட்டா யாருக்குத் தெரியும்?"

"கணினிக்குத் தெரியாதா?"

"கரண்ட் இல்லைன்னு சொல்லிக்கலாங்க."

அதற்குள் விஷயம் பரவி, போன் வர ஆரம்பித்துவிட்டது. புதூர்க் கிளையிலிருந்து ஒருவன், "சித்தப்பா, நீங்களே நகராட்சிக்குப் பணிஞ்சு போனா நாங்கெல்லாம் எங்க போறது?" என்று கேட்டான். என் தங்கை மகள், டாக்டர், அப்டேட் போட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் என்றாள். என்னோடு பேசியே பல வருடமான ஒரு பங்காளி போன் செய்து, "அண்ணா, மானத்தை விட்றாதீங்க" என்று தழுதழுத்தான். இப்படி ஒரு குடும்பம் யாருக்கு வாய்க்கும்? எனக்கே பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பேத்தி மயிலாத்தாள் மட்டும், "அப்பாரு, போட்டுருங்க" என்றாள்.

தர்ஷித் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

"கண்ணைக் காட்டாதீங்கப்பா. எனக்கு அப்பாரு விரல்தான் வேணும். வேற வழி வேண்டாம்."

"வேற வழின்னா?" என்று நான் கேட்டேன்.

மருமகள் ஆராதனா மாவு புளித்துவிடும் என்று எழுந்து உள்ளே போனாள். நல்ல பெண். நான் தேர்ந்து பார்த்துச் சம்மதித்த சம்பந்தம். சுகன்யா ஓரமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

வியாழக்கிழமை ராகுகாலம் முடிந்ததும் ஸ்டெல்லா வந்தாள். கணினிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் கருவியை இணைத்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். தர்ஷித் உள்ளே வந்தான், வெளியே போனான், மறுபடி வந்தான். கடைசியில் தேங்காய் வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விட்டான். வீட்டில் ஏற்கெனவே ஒரு சாக்குத் தேங்காய் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, மஞ்சள் தடவின கோப்பு வந்தா, விசாரிக்காம நேரா உள்ள விடச் சொல்லி இதுல ஒரு உத்தரவு இருக்குங்க. நீங்க போட்டதுங்களா?"

"நான் போட்டதுதான். நாலு மூலையிலயும் மஞ்சள் வெச்சு வர்ற கல்யாணப் பத்திரிகையை வாசல்ல நிக்க வெச்சு, நீ யாரு, எங்கிருந்து வர்றேன்னு கேக்கறது எங்க வழக்கமில்லை. வந்ததும் கூட்டிக்கிட்டுப் போய் பூஜை அலமாரியில வெக்கோணும்."

"பூஜை அலமாரின்னா?"

"முத்திரை இருக்கற இடம். கணினியிலயும் அதுக்குப் பேரு அதுதான்."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அதுதானுங்க ஓட்டை. எந்தக் கோப்பா இருந்தாலும் நாலு மூலையில மஞ்சள் வெச்சு அனுப்பினாப் போதும், உங்க கணினி எந்திரிச்சு வணக்கம் சொல்லி, முத்திரை இருக்கற எடத்துக்கே கூட்டிக்கிட்டுப் போயிரும். உள்ள போனது தானே முத்திரையை எடுத்து வெச்சுக்கும். இதை அடைக்கறதுக்குப் பேட்ச் வந்து ரொம்ப வருசமாச்சுங்க."

"அப்படி எவனும் வரமாட்டான். யாருக்குத் தெரியப் போவுது?"

"உடுமலை வரைக்கும் தெரியுங்க."

நான் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஐயா, நான் உத்தியோகத்துல வந்திருக்கேன். இதைச் சொல்லக்கூடாது. சொல்லாம அப்டேட் போட்டுட்டுப் போகவும் மனசு வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் புதூர்க் கிளைங்க. நாச்சிமுத்து. நான் வேற ஆளுங்க, சர்ச்சுக்குப் போறவ. முத்திரை இல்லாம ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தேன்னு மாமியா என்னைச் சமையக்கட்டுக்குள்ள விடல, ஒரு வார்த்தை பேசல. ஒரு நாள் மேட்டுக்காட்டார் முத்திரை வந்துச்சு. 'பெரியவரே ஒத்துக்கிட்டாரு, இனி நான் யாரு தடுக்கறதுக்கு'ன்னு சொல்லி, அன்னிக்கு அவங்க கையால எனக்குப் பூ வெச்சு விட்டாங்க."

"நான் வெக்கலையே."

"தெரியுங்க. எங்க வீட்டுக்காரர் மஞ்சள் வெச்சு அனுப்பினாருங்க."

காப்பி வந்து பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

"உம் புள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "பிரவீன்குமாருங்க."

முதல் வரிசை நாற்காலிகள், கலங்கிய கண்கள், ஊரெல்லாம் ஓடித் திரிகிற சின்னப் பிரவீன்குமார்கள் எல்லாம் ஒரு வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. செவ்வாய்க்கிழமை வந்த போன்களும் வந்து அந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. ரத்தக்கொதிப்பு ஏறும் என்று டாக்டரான தங்கை மகள் சொன்னது மட்டும் உண்மை.

"இப்ப அப்டேட் போட்டா?"

"பழைய முத்திரை எல்லாத்தையும் அது ஒரு தடவ சரி பாக்கும். விரல் படாம விழுந்ததை ரத்து பண்ணிட்டு, அந்தந்த வீட்டுக் கணினிக்குத் தகவல் அனுப்பிரும். தாலி கழுத்துல இருக்கும். குடும்ப அட்டையில பேரு இருக்காது. எங்க மாமியா..." அவள் ஸ்டிக்கரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போடலைன்னா நான் ஸ்டிக்கர் ஒட்டோணும். நாளைக்கு உங்க பேத்திக்கு உப்புச் சர்க்கரை நின்னு போயிரும். என்ன பண்ணச் சொல்றீங்க?"

மேட்டுக்காட்டார் வீட்டுக்குள் கேட்பாரில்லாமல் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். காவலுக்கு உட்கார்ந்திருந்தவன் நான். நாளைக்கு இந்த ரத்துத் தகவல் ஊரெல்லாம் போனால், கல்யாணங்கள் கலைவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரியவருடைய பூட்டு வெறும் மஞ்சளுக்குத் திறந்தது என்று பந்திக்குப் பந்தி சிரிப்பார்கள். என் தகப்பனார் படத்தைப் பார்த்தேன். அவரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி," என்றேன், "எனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேட்டுக்காட்டார் முத்திரை எனக்குத் தெரியாம விழுமா? ஒவ்வொண்ணும் தெரியும். விரல் வெக்கறது ஒரு முறைமை, அதுல கொஞ்சம் தாமதமாயிருச்சு. இப்ப வெக்கறேன். ஒவ்வொண்ணாக் கொண்டா."

"சும்மா வெக்க முடியாதுங்க. ஒவ்வொரு சோடியையும் காட்டி, இது உங்கள் சம்மதமான்னு கேக்கும். பார்த்து, வாயால சொல்லித்தான் வெக்கோணும்."

"கேக்கட்டும்."

கேட்டது. புதூர் நாச்சிமுத்து, ஸ்டெல்லா. சம்மதம் என்று சொல்லி விரல் வைத்தேன். விவாகரத்தான என் தங்கை மகள், அவளுக்கு மாப்பிள்ளை ஒரு மலையாளத்து டாக்டர். இரண்டாவது கல்யாணமே கூடாது என்று நான் சபையில் பேசியிருக்கிறேன். சம்மதம். அடுத்தது இரண்டு பெண்கள். அந்தக் கல்யாணம் நன்றாக நினைவிருந்தது. பாயசம் பிரமாதம். மாப்பிள்ளை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று இரண்டு பெண்களுக்கும் அட்சதை போட்டுவிட்டு வந்தேன்.

"சம்மதம்," என்றேன். "அதுகளுக்கு அன்னிக்கே ஆசீர்வாதம் பண்ணியாச்சு."

ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இவனா? இவன் தாத்தன் என்னை ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சவன்."

"விட்றலாங்களா? ரத்தாயிரும்."

"குழந்தை இருக்குதா?"

"ஒண்ணு இருக்குங்க."

"பேரு?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். சொல்லத் தேவையிருக்கவில்லை.

"சரி. சம்மதம். ஆனா அந்தத் தாத்தனுக்கு இல்லை."

வெயில் கூடத்தைவிட்டு வாசலுக்குப் போகிற வரைக்கும் இது நடந்தது. விரல் நுனி சிவந்துவிட்டது. இடையில் மயிலாத்தாள் வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் சம்மதம் சொல்லச் சொல்ல, அவள் நாற்காலி முதுகைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே வந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

புதியதிலிருந்து பழையது வரை கணினி பின்னோக்கிப் போனது. கடைசியாக ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் முதலில், மஞ்சள் தடவி உள்ளே வந்தது அதுதான்.

தர்ஷித், ஆராதனா.

ஆராதனாவின் தகப்பனார் ட்ரோன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு நாள் முத்திரை விழுந்திருந்தது. தகப்பன் மனசு இளகி நானே வைத்திருப்பேன் என்று எல்லாரும் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னதால் நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். மஞ்சள் தடவின பத்திரிகையை வாசலில் நிறுத்தலாமா, அபசகுனமில்லையா என்று ஒருவர் கேட்டு, சரிதான் என்று நான் அந்த உத்தரவைப் போட்டதும் அதே மாதத்தில்தான். கேட்டது யார் என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது.

ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு, புதுக் காப்பியை வைத்தாள் சுகன்யா. திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதாவது சூடா இருக்கறப்பக் குடிங்க."

"தர்ஷித் கல்யாணத்துக்கு நான் விரல் வெச்சது எனக்கு நல்லா ஞாபகமிருக்கு," என்றேன்.

"இருக்குங்களா?" என்றாள். "சந்தோசம்."

சம்மதம் என்று சொல்லி விரல் வைத்தேன். பின்னால் நின்ற மயிலாத்தாள் இப்போது தெளிவாகச் சிரித்தாள்.

அப்டேட் உள்ளே போனது. திரை அணைந்து, எரிந்து, புது வெளிச்சத்தோடு வந்தது. பூஜை அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் பயந்ததுபோல் எவனும் எதையும் மாற்றி வைத்திருக்கவில்லை. ஸ்டெல்லா எழுந்து, சிவப்பு ஸ்டிக்கரை இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வர்றேனுங்கய்யா."

"நாச்சிமுத்து எனக்குப் பேரன் முறை. நீ ஐயாங்கறே."

"வர்றேனுங்க அப்பாரு," என்றாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். வாசலில் தர்ஷித் இரண்டு பை தேங்காயோடு நின்றுகொண்டிருந்தான். அவனை உள்ளே வரச் சொல்லி, தேங்காய்க்கு எங்கே இடம் என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் தாராபுரத்தார் வந்தார்கள். உப்பும் சர்க்கரையும் மாறின. இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டன. மயிலாத்தாள் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், எல்லாரும் பார்க்க, என் விரலை எடுத்து வைத்தாள். அவள் விரும்பியபடி இது ஒன்று நேர்வழியில் விழுந்தது.

புது இயங்குதளம் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே ஒரு தொல்லை. உத்தரவு போட்டவர் தானே சொன்னால்தான் பழைய உத்தரவை எடுக்குமாம். அதனால் தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்கிறது: 'மஞ்சள் தடவிய கோப்புகளை இனி வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கும்படி உங்கள் உத்தரவை மாற்றலாமா? இப்போதா? பிறகா?'

நான் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து, 'பிறகு' என்பதை அழுத்துகிறேன். அந்தப் பொத்தானில் வேறு யார் கையும் படுவதற்கு நான் விடுவதில்லை.